வாய் மேல் விரல்

மதியம் ஒரு மணி. பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோடு. ஈ காக்கா இல்லை. தார் இளகி செருப்பில் ஒட்டுகிற வெயில்...

சிரிக்காதே சுந்தரி. பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தது? ராத்திரியில் நமக்குப் பயம், அவ்வளவுதான். அதற்கு வசதி உச்சி வெயில். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். வெளியே யார் நடமாடுகிறார்கள் என்று யார் பார்த்தது? அந்தக் கண்ணாடியை ஏற்றிவிடு, தோல் ஷாப்பில் பதனிடுகிற நாற்றம் உள்ளே வருகிறது. மூர்த்தி அண்ணே, வேனைப் பார்க்க மெக்கானிக் வரும்போது வரட்டும். நீங்களும் இப்படிப் பின்னால் வந்து உட்காருங்கள். அந்த ரேடியோவில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

இது நம் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன் அம்பிகாவின் பெரியப்பா மகன் இன்பராஜுக்கு நடந்தது.

இன்பராஜுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். அங்கே சின்னதாக ஒரு ரேடியோ நிலையம், பக்கத்திலேயே டிவி பாடம் பிடிக்கிற ஸ்டுடியோ. இரண்டுக்கும் இவன் ஒரே ஆள். ஒலிப்பதிவு, வெட்டுவது, ஒட்டுவது, நேரத்துக்கு ஒலிபரப்புவது எல்லாம் இவன் தலையில். ஆரம்பத்தில் தினம் புதுப் பாடம், புது வாத்தியார் என்று அமர்க்களமாகத்தான் ஓடியது. பிறகு மேலே இருப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. டிவிக்காகப் பிடித்த பாடத்திலிருந்து படத்தைக் கழற்றிவிட்டு, குரலை மட்டும் ரேடியோவில் விட்டார்கள். ரேடியோவில் வாத்தியார், "இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்க" என்பார். கேட்கிறவன் எந்தக் கோட்டைப் பார்ப்பான்? தன் தலைவிதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஜாஸ்மின் மிஸ் ஒருவர்தான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் படிப்பை விட்டு ஷூ கம்பெனிக்கு வந்த நம்மைப் போன்றவர்களுக்காக அவர் ஒரு கணக்கு வகுப்பு நடத்தினார். மதியம் ஒரு மணிக்கு வரும். பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்று ஆசை வைத்திருந்த பெண்கள் பலர் அதைக் கேட்டார்கள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மிஸ் ஒரு கேள்வி கேட்பார். "சொல்லுங்க பாக்கலாம்... நான் காத்திருக்கேன்" என்பார். பிறகு பேச மாட்டார். நாம் வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல இடைவெளி. அது முடிந்ததும், "சரியாச் சொன்னீங்க" என்று அடுத்த கணக்குக்குப் போவார். நாம் எதைச் சொன்னாலும் சரிதான். அப்படிச் சொல்ல நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அதில்தான் சிக்கல். ரேடியோவில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால், நிலையம் படுத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் தானாக முடிவு கட்டி ஒரு வீணையை எடுத்துப் போட்டுவிடும். மிஸ் ஒன்பது எட்டு எத்தனை என்று கேட்பார். பதிலுக்கு வீணை வரும். தலையில் அடித்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

"அந்த இடைவெளியில எதையாவது போடணும் இன்பராஜ்" என்றார் மிஸ். "ஸ்டுடியோ அமைதி வேணாம். அது செத்த அமைதி. நம்ம பொம்பளைங்க உக்காந்திருக்கற எடத்தோட அமைதி வேணும். காத்து, மரம், மூச்சு... அது லேசா கேட்டுட்டே இருந்தா கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்."

சொன்னது சரியான யோசனை. அதனால்தான் இத்தனையும் வந்தது.

அந்த சர்வீஸ் ரோட்டில் ஒரு புளியமரம் இருக்கிறது. கம்பெனி வேன் நிற்கிற இடம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இன்பராஜின் வீடு. அவன் பெண்டாட்டி செண்பகம் ஷூ கம்பெனியில் மேல்தோல், அதான் அப்பர், ஒட்டுகிறவள். ஜாஸ்மின் மிஸ் வகுப்பை ஒரு நாள் விடாமல் கேட்பவள். இன்பராஜ் பதிவு செய்யப் போன அன்றைக்கு ஏதோ அவசர ஆர்டர் என்று மதிய ஷிப்ட் போட்டிருந்தார்கள். மரத்தடியில் செண்பகமும் இன்னும் நாலு பெண்களும் வேனுக்குக் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகள் தமிழினியும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வயது. வாய் ஓயாது அதற்கு. தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளை.

இன்பராஜ் மைக்கைக் கிளையில் கட்டினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"ஒரே ஒரு நிமிஷம். யாரும் பேசக் கூடாது. நான் போதும்னு சொல்ற வரைக்கும் மூச்சு மட்டும்தான்."

"இன்னா வாத்தியாரே, எங்களுக்கே கிளாஸா?" என்று செண்பகம் கிண்டல் செய்தாள். "சரிடி, எல்லாரும் வாய் மேல விரல் வைங்க. மொதல்ல யாரு பேசுறாளோ, அவ நாளைக்கு எல்லாருக்கும் பன்னு வாங்கித் தரணும்."

ஐந்து பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வாய் மேல் விரல் வைத்தார்கள். தமிழினியும் வைத்தாள். கண்ணில் சிரிப்பு, வாயில் விரல். ஒரு காகம் கத்தியது. புளிய இலை உதிர்ந்தது. யாரோ ஒருத்தியின் வளையல் லேசாகக் குலுங்கியது...

நிமிஷம் முடிவதற்குள் வேன் வந்துவிட்டது.

டிரைவர் கோபி ஹாரன் அடித்தான். பெண்கள் எழுந்து ஓடினார்கள். ஓடும்போதும் விரலை எடுக்கவில்லை. தோற்றால் பன் வாங்க வேண்டுமே. செண்பகம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு கையால் டாட்டா காட்டினாள், மறு கை வாய் மேல். தமிழினி வாய் மேல் விரலோடு அப்பா பக்கத்திலேயே நின்றுவிட்டாள். இன்பராஜ் சிரித்துக்கொண்டே மெஷினை நிறுத்தினான். வேன் பெரிய ரோட்டில் ஏறியது.

போதும் என்று அவன் சொல்லவில்லை. மறந்துவிட்டான்.

லாரி. அதை விவரிக்க வேண்டாம். நாமும் வேனில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஐந்து பெண்களும் போய்விட்டார்கள். செண்பகத்துக்கு மட்டும் ஆம்புலன்ஸ் வரை உயிர் இருந்தது. கண் திறந்திருந்ததாம். வாய் திறக்கவில்லை. அம்மா என்றுகூட ஒரு முனகல் இல்லை.

கோபி கால் ஒடிந்து பிழைத்துக்கொண்டான். இன்பராஜ் அவனைப் பார்க்கப் போனபோது, கட்டிலில் இருந்தபடியே இவன் சட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"நான் அந்தப் பக்கம் பாக்கல அண்ணே. அவங்க பாத்தாங்க. கண்ணாடியில அவங்க மூஞ்சி தெரிஞ்சுது. அஞ்சு பேருக்கும் கண்ணு இவ்ளோ பெருசா இருக்கு... வாய் மேல விரலு. ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'அண்ணே'ன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா வண்டிய ஒடிச்சிருப்பேன். ஏன் அண்ணே யாருமே கத்தல?"

இன்பராஜ் அவன் விரல்களைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். எழுந்து வந்துவிட்டான்.

வீட்டில் தமிழினி பேசவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று பேசவில்லை. மறுநாள், மறு வாரம்... பேசவே இல்லை. பாகாயம் ஆஸ்பத்திரி வரை கூட்டிப்போய்க் காட்டினான். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, அதிர்ச்சி, தானாக வரும் என்றார்கள். வரவில்லை. தூக்கத்தில் பேசுகிற பிள்ளை தூக்கத்திலும் வாய் மேல் விரலோடு படுத்திருக்கும். இன்பராஜ் அதன் காதருகே போய், "போதும் கண்ணு, போதும், பேசு" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பான்! அது அவனைப் பார்க்கும். அவ்வளவுதான்.

அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்தக் குரல் ஒன்று திரும்ப வந்தால் போதும் என்று ஆகிவிட்டான்.

இதற்கிடையில் பல்கலைக்கழகத்தில் ஜாஸ்மின் மிஸ்ஸுக்கு ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. புதுப் பாடம் எதுவும் கிடையாது, இருப்பதையே திரும்பத் திரும்பப் போடு என்று உத்தரவு. மிஸ் பேசி வைத்த பாடங்கள் எல்லாம் இடைவெளி நிரப்பாமல் கிடந்தன. இன்பராஜ் வேறு ஒரு மரத்தடியில் போய் வேறு ஒரு அமைதியைப் பிடித்து வந்திருக்கலாம். செய்யவில்லை. அந்த மதியத்தையே எடுத்து எல்லாப் பாடத்திலும், எல்லாக் கேள்விக்குப் பின்னாலும் ஒட்டினான். செண்பகம் மூச்சு விடுகிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதானே இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். அவன் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போமோ!

தினம் மதியம் ஒரு மணிக்கு அது ஊரெல்லாம் ஒலித்தது. செத்துப்போன ஐந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சத்தம்... நம் வீடுகளில் சோறு சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம்.

ஒரு வருஷம் போயிருக்கும். ரேடியோவுக்குப் பொறுப்பாக இருந்த வக்கார் அகமது சார் கூப்பிட்டார். வணிகவியல் பேராசிரியர். கெட்ட மனிதர் இல்லை. ரேடியோவும் கேன்டீனும் அவருக்கு ஒன்று.

"இன்னாப்பா இது, பாடத்துல பாதி சும்மாவே போவுது? அந்த கேப்ப எல்லாம் வெட்டிடு. அட்மிஷன் விளம்பரத்துக்கு டைம் வேணும். திங்கக்கெழமைக்குள்ள முடி."

இன்பராஜ் தலையாட்டினான். வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஹெட்போன். முதல் பாடம். "ஒன்பது எட்டு எத்தனை? சொல்லுங்க பாக்கலாம்... நான் காத்திருக்கேன்."

காகம்... இலை... வளையல்...

அப்புறம் எதுவோ மாறியிருந்தது. அவன் பதிவு செய்தபோது பெண்கள் மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு லேசாகத்தான் விழுந்திருந்தது. இப்போது பக்கத்தில் கேட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் இழுக்கிற மூச்சு. வேகமாக... ஐந்து பேருக்கும் வேகமாக. ஏதோ எதிரில் வருகிறதைப் பார்த்துவிட்ட மாதிரி.

ஏசி அறை. அதில் சொல்யூஷன் நாற்றம் அடித்தது. நம் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதே, அந்த ஷூ ஒட்டுகிற பசை நாற்றம். செண்பகம் அவன் தலையைக் கோதும்போது வருமே, அதேதான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். நான் போதும் என்று சொல்லவில்லை.

வீட்டில் பிள்ளை காதில் சொல்லி என்ன பிரயோசனம்? சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல. அந்த மதியத்துக்குள்ளே போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் வாய் திறந்தால் என் பிள்ளையும் வாய் திறக்கும்... இப்படி நினைத்துக்கொண்டான். திங்கட்கிழமை வெட்டிவிட்டால் அந்த இடமே இருக்காது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை. மதியம். வக்கார் அகமது சார் தொழுகைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நிலையத்தில் இன்பராஜ் மட்டும். ஒரு மணிக்கு வகுப்பு போய்க்கொண்டிருந்தது. வீட்டில் பக்கத்து வீட்டு தில்ஷாத் அக்கா தமிழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ரேடியோ வைத்திருப்பாள், தினமும் அப்படித்தான்.

"...சொல்லுங்க பாக்கலாம். நான் காத்திருக்கேன்."

காகம். இலை. வளையல். மூச்சு.

இன்பராஜ் மைக்கைத் திறந்தான்.

"போதும் செண்பகம். போதும்... எல்லாரும் பேசலாம்."

மூச்சு நின்றது.

ஐந்தும் ஒரே நேரத்தில் நின்றது. காகம் இல்லை, காற்று இல்லை. ஒன்றுமே இல்லை... பிறகு ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது ஒரே நேரத்தில் வந்தது.

"அண்ணேஏஏ... லாரீ!"

ஐந்து தொண்டை. ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான், அப்படியும் கேட்டது. கண்ணாடி அதிர்ந்தது. டயர் தேய்கிற சத்தம், இரும்பு நசுங்குகிற சத்தம்... எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒருத்தியின் குரல். செண்பகம்.

"தமிழினீ!"

அவ்வளவுதான். அமைதி. இந்தத் தடவை உண்மையான அமைதி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் வீணையைப் போட்டது.

இன்பராஜ் வண்டியை எடுத்தான். அதே சர்வீஸ் ரோடு. அதே வெயில். ஈ காக்கா இல்லை. எதிரில் ஒரு ஆள், ஒரு ஆடு, ஒன்றும் வரவில்லை. புளியமரத்தைத் தாண்டினான். அங்கேயும் யாரும் இல்லை.

வாசலில் தில்ஷாத் நின்றுகொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கையில் சோற்றுக் கிண்ணம்.

"அண்ணே! புள்ள பேசிட்டா அண்ணே! வாயத் தொறந்துட்டா!"

அவன் வண்டியை அப்படியே போட்டான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரித்தான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் சிரித்தான், பாவி.

"இன்னா பேசுனா? இன்னா சொன்னா?"

"ரேடியோ கேட்டுனே இருந்தா. படக்குனு எழுந்தா. 'இதோ வர்றேம்மா'ன்னு சொன்னா. எவ்ளோ கணீர்னு சொன்னா தெரியுமா! சொல்லிட்டு செருப்ப மாட்டினு ஓடிட்டா. உங்களத்தான் பாக்க ஓடுறாளோன்னு நெனச்சேன்..." தில்ஷாத்தின் குரல் பாதியில் இறங்கியது. "நீங்க அந்த ரோட்டுலதானே வந்தீங்க? வழியில பாக்கலியா அண்ணே?"

பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. போலீஸ் தேடியது. பாலாற்றுப் புதரெல்லாம் தேடினார்கள், கிணறெல்லாம் இறங்கினார்கள். புளியமரத்தடியில் அவளுடைய செருப்பு மட்டும் கிடைத்தது. வகுப்புக்குள் போகும்போது வெளியே விடுவோமே, அந்த மாதிரி சேர்த்து வைத்திருந்தது. அவன் அந்த மரத்தைத் தாண்டி வந்தபோது அது அங்கே இல்லை என்று சத்தியம் செய்கிறான்.

கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அம்பிகாவும் அப்படித்தான் நினைத்தாள்.

சில வாரம் கழித்து வக்கார் அகமது சார் கூப்பிட்டனுப்பினார். பாவம், துக்கம் விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அந்த கேப்ப வெட்ட வேணாம்பா. அப்படியே உடு. நீ சேத்த கொழந்த கொரலு ரொம்ப நல்லா இருக்குன்னு ஜனங்க போன் பண்றாங்க. இப்பதான் நம்ம ப்ரோகிராம் ப்ரோகிராம் மாதிரி இருக்குது. இதையே வருஷம் பூரா ஓட்டிடலாம்."

"எந்தக் கொழந்த சார்?" என்று கேட்டான் இன்பராஜ்.

அவர் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்.

அன்று மதியம் ஒரு மணிக்கு இன்பராஜ் ஹெட்போனை மாட்டினான். "ஒன்பது எட்டு எத்தனை? சொல்லுங்க பாக்கலாம்... நான் காத்திருக்கேன்." காகம் கத்தியது. இலை உதிர்ந்தது. அந்த ஐந்து மூச்சும் இல்லை, போய்விட்டன. ஒரே ஒரு சின்ன மூச்சு. பிறகு கணீரென்று...

"எழுபத்திரெண்டு."

"சரியாச் சொன்னீங்க" என்றார் ஜாஸ்மின் மிஸ்.

அவன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். லீவு எடுப்பதில்லை. மதியம் ஒரு மணிக்கு மைக் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான். ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை சரியாகப் பதில் சொல்லும். ஒன்றுகூடத் தப்பாகாது. பாடம் முடிகிற நேரத்தில், கடைசி இடைவெளியில் மட்டும், பதில் சொன்ன பிறகு மெதுவாக இன்னொன்று கேட்கும். முன்பு இல்லை. இப்போதுதான், இந்த மழைக்கு அப்புறம்தான் ஆரம்பித்திருக்கிறது. ஊரில் கேட்கிறவர்களும் அதைப் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"போதுமாப்பா?"

போதும் என்று சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும், அந்த ஐவரைப் போல. அவனுக்குத் தெரியும். மைக் திறந்திருக்கும். பிள்ளை காத்திருக்கும். இன்பராஜ் வாய் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்... வீணை வரும் வரைக்கும்.